வட்டமாகக் கையெழுத்திட்ட மனு

நாற்பத்தொரு மாணவர்கள் எனக்கு எதிராக ஒரு மனுக் கொடுத்தார்கள். அதை எழுதியவள் யார் என்று முதல் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியும் என்று துறைத் தலைவரிடம் சொன்னேன். பெயரைச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன். அதிலிருந்து தொடங்கிய சண்டை முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையில் படிப்பிக்கிறேன். இரண்டாம் வருடத்தினருக்கு நான் எடுக்கும் பாடம் ஆரம்பகால அமெரிக்க இலக்கியம். கப்பலேறிப் போய்க் குடியேறியவர்களின் நாட்குறிப்புகள், போதகர்களின் பிரசங்கங்கள், பூர்வகுடிகளிடம் பிடிபட்டு மீண்டு வந்த பெண்கள் எழுதிய கதைகள், அடிமைகளாக இருந்தவர்கள் எழுதிய வாழ்க்கை வரலாறுகள் என்று அது போகும். முன்பு அதை எடுத்தவர் ஓய்வுபெற்றபோது வேறு யாரும் கேட்காததால் என் தலையில் விழுந்தது. வெள்ளவத்தையில் எங்கள் மாடியில் இருக்கும் ஒரு கணக்காளர் என்னை லிஃப்டில் காணும்போதெல்லாம், “உதைப் படிச்சு இந்தப் பிள்ளையளுக்கு என்ன வேலை கிடைக்கும்?” என்று கேட்பார். ஆறாம் மாடி வருவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இருக்கவில்லை.

பதில் இதுதான். என் வகுப்பில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று மூன்று இனத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். எங்கள் நாட்டின் கதையை யார் எழுதினார்கள், யாரை விட்டுவிட்டு எழுதினார்கள் என்று முதல் நாளே கேட்டால் வகுப்பு மூன்றாகப் பிரிந்து, மூன்று பக்கமும் வாயை மூடிக்கொள்ளும். முன்பொருமுறை கேட்டுப் பார்த்துப் பட்டிருக்கிறேன். ஆனால் கடலுக்கு அப்பால், சில நூறு வருடங்களுக்கு முன் நடந்த ஒரு குடியேற்றத்தில் யாருடைய மாமாவும் சாகவில்லை, யாருடைய வீடும் எரியவில்லை. அங்கே வைத்துக் கேள்வி கேட்கப் பழகலாம். பழகிய கை பிறகு எங்கே போகும் என்பதை நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

முதல் வகுப்பில் ஒரு பெண் தான் சிறைப்பட்டதைப் பற்றி எழுதிய கதையிலிருந்து பத்துப் பக்கம் கொடுத்தேன். காட்டு மனிதர்கள் வந்தார்கள், வீட்டைக் கொளுத்தினார்கள் என்று அது தொடங்கும். கரும்பலகையில் இரண்டு கேள்வி எழுதினேன். இதைச் சொல்பவர் யார்? அவருக்கு இது எப்படித் தெரியும்? அவ்வளவுதான். வகுப்பு கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. நான் பதிலைச் சொல்வேன், அதை எழுதிக்கொள்ளலாம் என்று காத்திருந்தது. நான் சொல்லவில்லை. இருபது நிமிடம் அப்படியே போனது. கடைசியில் பின் வரிசையில் ஒருவன் நோட்ஸ் எப்போது தருவீர்கள் என்று கேட்டான். தர மாட்டேன் என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

முன் வரிசையில் இருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. கொட்டாஞ்சேனைப் பெண். கன்னியர் மடப் பாடசாலையில் படித்து, அந்த வருடம் சேர்ந்தவர்களிலேயே ஆங்கிலத்தில் அதிகப் புள்ளியோடு வந்தவள். அடிமட்டம் வைத்துத்தான் தலைப்புக்குக் கோடு போடுவாள். நான் இருமினால்கூட எழுதிக்கொள்வாளோ என்று தோன்றும். அவள் தந்த முதல் கட்டுரையில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. முழுவதும் எங்கோ வாசித்துப் பாடமாக்கியது. சி போட்டேன். அவளுடைய வாழ்க்கையில் அதுதான் முதல் சி என்று நினைக்கிறேன். கட்டுரையை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்து, எங்கே பிழை என்று காட்டச் சொன்னாள். பிழை ஒன்றும் இல்லை, ஆனால் நீர் நினைத்தது என்று ஒன்றும் இதில் இல்லை என்றேன்.

“நான் நினைக்கிறதுக்கு மார்க்ஸ் இருக்கெண்டு ஆரும் இதுவரைக்கும் சொல்லேல்ல, மிஸ்,” என்றாள். நல்ல கோபத்தில் சொன்னாள்.

ஆறாம் வாரம் அடிமைகளின் வாழ்க்கை வரலாறுகளுக்கு வந்தோம். அந்தப் புத்தகங்களின் முன்னால் பெரும்பாலும் ஒரு கடிதம் இருக்கும். மதிப்புக்குரிய வெள்ளைக்காரர் ஒருவர், இந்த ஆளை எனக்குத் தெரியும், இதை இவரே எழுதினார் என்று உறுதி சொல்வார். ஒரு மனிதன் தன் கதையைத் தானே எழுதியும், இன்னொருவர் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது. ஏன் அந்தக் கடிதம் தேவைப்பட்டது என்று கேட்டேன். எல்லோரும் கொப்பியைப் பார்த்தார்கள். பிறகு கொட்டாஞ்சேனைப் பெண் கையை உயர்த்தினாள்.

வகுப்பில் நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசுவோம். அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். அவளுடைய அப்பா கொட்டாஞ்சேனையிலேயே பிறந்தவர். துறைமுகத்தில் கிளார்க். அவள் மிகவும் சின்னவளாக இருந்தபோது ஒருநாள் அவரைச் சோதனைச் சாவடியில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அடையாள அட்டையைக் காட்டினார், பெயரைச் சொன்னார், விலாசத்தைச் சொன்னார். ஒன்றும் எடுபடவில்லை. அம்மா போய் கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி வந்த பிறகுதான் விட்டார்கள். “அவர் யார் என்று அவரே சொன்னதை யாரும் நம்பவில்லை. அவரை இரண்டு தரம்கூடக் கண்டிராத கிராம சேவகர் சொன்னதை நம்பினார்கள்,” என்றாள்.

குருநாகலிலிருந்து வந்த ஒரு சிங்களப் பையன் திரும்பி அவளைப் பார்த்தான். கடிதம் கிடைக்க எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டான்.

இரண்டு நாள் என்றாள்.

அவன் கையிலிருந்த தாளைப் புரட்டி முன்கடிதத்தை மறுபடி வாசித்தான். பிறகு, அந்தக் கடிதத்தை எழுதிய வெள்ளைக்காரர் நல்லவராக இருந்திருக்கலாம், ஆனாலும் கடிதம் கேட்ட உலகம் நல்லதில்லை, அவருடைய நல்ல மனத்தால் அது மாறவும் இல்லை என்றான். அதன் பிறகு பேச்சு நிற்கவில்லை. பாட நேரம் முடிந்தும் யாரும் எழும்பவில்லை. அன்று காலி வீதி பஸ்ஸில் பம்பலப்பிட்டி தாண்டும் வரை நின்றபடி வந்தேன். கால் வலிக்கவில்லை.

நாலு வாரம் கழித்து மனு வந்தது.

துறைத் தலைவர் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, மேசையில் அதை என் பக்கமாகத் தள்ளினார். நாலு பக்கம், சுத்தமான ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில் நாற்பத்தொரு கையெழுத்துகள் ஒரு பெரிய வட்டமாக, சூரியகாந்திப் பூவின் இதழ்கள்போல இருந்தன. யார் முதலில் போட்டார், யார் கடைசியாகப் போட்டார் என்று கண்டுபிடிக்க முடியாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காலத்து மாலுமிகள் கப்பல் தலைவனுக்கு எதிராக முறையிடும்போது இப்படி வட்டமாகத்தான் ஒப்பமிடுவார்கள், முதல் பெயர் யாருடையது என்று தெரியாவிட்டால் தண்டிக்க ஆள் இருக்காது என்று மூன்றாம் வாரம் நானே சொல்லியிருந்தேன்.

சிரிப்பு நீடிக்கவில்லை. நோட்ஸ் தருவதில்லை, மாதிரி விடைகள் தருவதில்லை என்பவை முதல் இரண்டு குற்றச்சாட்டு. அவை எனக்குப் பழகியவை. மூன்றாவது, வாசிக்கத் தந்த போட்டோகொப்பி மங்கலாக இருக்கிறது, நடுவில் ஐந்து பக்கம் இல்லை, நூலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது, அதையும் விரிவுரையாளரே எடுத்து வைத்திருக்கிறார் என்றது. உண்மை. அந்தப் புத்தகம் அப்போது என் பையில் இருந்தது.

நாலாவதை இரண்டு தரம் வாசித்தேன். எழுதியவர் யார், பேசாதவர் யார் என்று கேட்கும்படி விரிவுரையாளர் எங்களுக்குச் சொல்கிறார். அவருடைய பாடத்திட்டத்தில் பதினொரு எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளில் ஒருவர்கூட இல்லை. அவர்கள் இந்தப் பாடம் முழுவதும் மற்றவர்களின் கதைகளுக்குள் மட்டுமே வருகிறார்கள். எங்களிடம் கேட்கும் கேள்வியை விரிவுரையாளர் தன்னிடம் கேட்டாரா என்று அறிய விரும்புகிறோம்.

ஆறு வருடமாக அந்தப் பாடத்தை எடுக்கிறேன். ஒருதரமும் எனக்கு அது தோன்றவில்லை. வெட்கம்தான் முதலில் வந்தது, பிறகு ஆத்திரம். இரண்டும் அடங்கிய பிறகு, என் வகுப்பில் எழுதப்பட்டவற்றிலேயே மிகச் சிறந்த கட்டுரை இதுதான் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வாக்கியங்களின் நடையில், ஒவ்வொரு கூற்றுக்கும் பக்க எண் கொடுத்திருந்த விதத்தில், அந்த அடிமட்டக் கோடுகளில் அவளைக் கண்டேன்.

துறைத் தலைவரைக் கோபப்படுத்தியது இது எதுவும் இல்லை. கடைசிப் பந்தி. இத்துறையின் பரீட்சைத் தாள்களில் அதே கேள்விகள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வருகின்றன, ஆகவே பழைய விடைகளைப் பாடமாக்குவதே புத்திசாலித்தனம், நாங்கள் சிந்திக்க வேண்டும் என்று துறை உண்மையிலேயே விரும்புகிறதா என்று அதில் கேட்டிருந்தார்கள். எந்தத் தாள், எந்தக் கேள்வி என்று ஒரு அட்டவணையும் இணைத்திருந்தார்கள்.

அவர் மரியாதையான மனிதர், குரலை உயர்த்த மாட்டார். இது யாருடைய ஆங்கிலம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்று கேட்டார்.

தெரியும் என்றேன்.

பேனையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார்.

“சொல்ல மாட்டேன்,” என்றேன்.

மனு உங்களுக்கு எதிரானது என்று நினைவூட்டினார். அதனால்தான் சொல்ல மாட்டேன் என்றேன். எனக்கு எதிராக எழுதியவரை நான் காட்டிக் கொடுத்தால், இனிமேல் என் வகுப்பில் யாரும் உண்மையாக ஒரு வரி எழுத மாட்டார்கள். அவர் பேனையை மூடினார். நீங்கள் விண்ணப்பித்திருக்கும் பதவி உயர்வு பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள் என்றார். யோசித்துவிட்டேன் என்று சொல்லி எழும்பினேன். 

மூன்று பேர் கொண்ட ஒரு குழு என்னை விசாரித்தது. மூன்றாவதும் நாலாவதும் சரி, அவற்றைத் திருத்துவேன், புத்தகத்தை இன்று காலையே நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றேன். முதலிரண்டும் சரியில்லை, நோட்ஸ் தர மாட்டேன் என்றேன். கடைசிப் பந்தி பற்றி உங்கள் கருத்து தேவையில்லை என்றார்கள். தேவையில்லாவிட்டாலும் சொல்கிறேன், அட்டவணையைச் சரிபார்த்தேன், ஒரு பிழையும் இல்லை என்றேன். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் எனக்குத் தேநீர் தரவில்லை.

அடுத்த கிழமை, ஒப்பமிட்ட நாற்பத்தொரு பேரும் பெற்றோருடன் விசாரணைக்கு வரவேண்டும் என்று அறிவித்தல் ஒட்டினார்கள். இருபத்தொரு வயதுப் பிள்ளைகளைப் பெற்றோருடன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, கொட்டாஞ்சேனைப் பெண்ணின் அப்பா மகளையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்துவிட்டார். பஸ் இரண்டு மாறி வந்திருக்கிறார்கள். நன்றாக அயன் பண்ணிய வெள்ளைச் சேர்ட், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. அவள் அவருக்குப் பின்னால் நின்று என் புத்தக அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மிஸ், பிள்ளை தெரியாமச் செய்திட்டாள். நீங்கள் மனசில வைச்சுக்கொள்ளக் கூடாது,” என்றார்.

அவள் முன்னுக்கு வந்தாள். “தெரியாமச் செய்யேல்ல, அப்பா. தெரிஞ்சுதான் செய்தனான்.”

“வாயை மூடு. மிஸ்ஸிட்ட மன்னிப்புக் கேள்.”

“எதுக்கு? அதில ஒரு பொய் இருந்தாச் சொல்லட்டும், கேக்கிறன்.”

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. ஒரு மேசைக்கு முன்னால் நின்று தான் யார் என்று விளக்க வேண்டியிருந்த மனிதரின் பயம். தன் மகளுக்கு அப்படி ஒரு மேசை வரக்கூடாது என்பதற்காகத்தான் அவர் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் அவர் கேட்டதைக் கொடுக்கவும் முடியவில்லை.

“மன்னிப்புக் கேக்க வேண்டாம்,” என்றேன். “அவ எழுதினது சரி. எனக்கு நொந்தது, ஓம். ஆனா சரி.”

“அப்ப கம்பஸ்ஸால நிப்பாட்டினா?”

நிப்பாட்ட மாட்டார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. பொய் சொல்லவும் மனம் வரவில்லை. தெரியாது என்றேன், விசாரணை நடக்கும் நாள் முழுவதும் நான் வெளியே இருப்பேன் என்றேன். அவர் கதிரையில் உட்கார்ந்தார். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். மகளைப் பார்க்காமலே குடித்தார். போகும்போது அவள் மட்டும் வாசலில் நின்று, நான்தான் எழுதினேன் என்று எப்போது தெரிந்தது என்று கேட்டாள். முதல் பக்கத்தில் என்றேன். ஏன் துறைத் தலைவரிடம் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. ஆனால் வட்டத்தில் போட்டது நல்ல யோசனைதானே என்று கேட்டாள். நல்ல யோசனை, ஆனால் தலைப்புகளுக்கு அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருக்கக் கூடாது என்றேன்.

விசாரணை நாளில் எனக்கு அங்கே வேலையில்லை என்று எழுத்தில் அறிவித்திருந்தார்கள். நடைபாதை பொது இடம் என்று பதில் எழுதிவிட்டு, காலை எட்டரைக்கே போய் அறை வாசலில் இருந்த வாங்கில் உட்கார்ந்தேன். சேலை உடுத்த அம்மாமார், தொப்பி போட்ட ஒரு வாப்பா, குருநாகலிலிருந்து விடியப் புறப்பட்டு வந்த, வயல் செய்யும் ஒரு கமக்காரர். ஒருவரும் என்னோடு பேசவில்லை. பிள்ளைகளைச் சிக்கலில் மாட்டிவிட்டவள் என்றுதான் பார்த்தார்கள். மத்தியானம் வரை அப்படியே இருந்தேன். அந்தக் கமக்காரர் மட்டும் தான் கொண்டுவந்த சோற்றுப் பார்சலைப் பிரித்து, சிங்களத்தில் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

அவளை உள்ளே கூப்பிட்டபோது மணி இரண்டு. யார் எழுதியது என்று கேட்டிருக்கிறார்கள். நான்தான் எழுதினேன், மற்றவர்கள் வாசித்து, திருத்தி, ஒத்துக்கொண்டு ஒப்பமிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறாள். துறையின் பெயருக்குக் களங்கம் ஏற்படுத்தியதற்கு மன்னிப்புக் கடிதம் ஒன்று தயாராக இருந்தது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வாசித்துப் பார்த்துவிட்டு, இதில் முதலாவது வசனமே உண்மையில்லை என்று திருப்பிக் கொடுத்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த அப்பா அவளுடைய கையைப் பிடித்து வற்புறுத்துவார் என்று எதிர்பார்த்தார்களாம். அவர் அந்தக் கடிதத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, தானும் வாசித்தாராம். வாசித்து முடித்து, பிள்ளை சொல்வது சரி போலத்தான் இருக்கிறது என்றாராம். இதை அவரே வெளியே வந்து என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவருக்கு இன்னும் வியர்த்துக்கொண்டிருந்தது.

அவளை நிறுத்தவில்லை. ஆனால் பரீட்சை முடிவை ஒரு தவணை முழுக்கப் பிடித்து வைத்தார்கள். எனக்குப் பதவி உயர்வு அந்த வருடம் கிடைக்கவில்லை, அடுத்த வருடமும் கிடைக்கவில்லை. அதை ஒரு தியாகம் என்று நான் சொல்ல மாட்டேன். சம்பளம் கூடியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். கட்டாயமாக இருந்த என் பாடத்தை விருப்பப் பாடமாக மாற்றினார்கள். நூற்றுச் சொச்சம் பேர் இருந்த வகுப்பு பதினான்கு பேராகச் சுருங்கியது. மாதிரி விடைகளைக் கட்டாயம் சமர்ப்பிக்க வேண்டும் என்று கடிதம் வந்தபோது, ஒரே கேள்விக்கு ஒன்றையொன்று மறுக்கும் மூன்று விடைகள் எழுதி, மூன்றுக்கும் ஏ என்று போட்டு அனுப்பினேன். திருப்பி அனுப்பினார்கள். அப்படியே மறுபடி அனுப்பினேன். இப்போது கேட்பதை விட்டுவிட்டார்கள்.

பாடத்திட்டத்தையும் மாற்றினேன். எழுதக் கற்ற பூர்வகுடிகள் குடியேற்ற அரசுகளுக்குத் தங்கள் நிலத்தைக் கேட்டு எழுதிய விண்ணப்பங்களைத் தேடி எடுத்தேன். தேடிப் படிக்க எனக்கு இரண்டு விடுமுறைகள் தேவைப்பட்டன. பதினொன்றில் நாலு பேரை எடுத்துவிட்டு அவற்றைச் சேர்த்தேன். யார் சொல்லி மாற்றினேன் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன், பெயரைச் சொல்லாமல்.

அவளுடைய முடிவு கடைசியில் வந்தபோது என் பாடத்துக்கு பி பிளஸ். அதைப் போட்டவள் நான்தான். அடுத்த நாளே வந்துவிட்டாள். அவளுடைய விடைக் கொப்பியை எடுத்து வைத்து நாற்பது நிமிடம் வாதாடினோம். இரண்டாம் கேள்வியில் அவள் ஒரு பிரசங்கத்தைத் தனக்கு வசதியாக வெட்டி வாசித்திருந்தாள், எதிரான பகுதியை விட்டுவிட்டாள் என்றேன். இடம் போதவில்லை என்றாள். ஒன்றரைப் பக்கம் வெறுமையாக இருந்ததைக் காட்டினேன். மனுவை மனதில் வைத்துத்தான் குறைத்தீர்களா என்று நேராகவே கேட்டாள். இல்லை என்றேன். அதை எப்படி நம்புவது என்றாள். நம்ப வேண்டாம், மீள்திருத்தத்துக்கு விண்ணப்பியும் என்று படிவம் எடுக்கும் ஜன்னலைச் சொன்னேன். விண்ணப்பித்தாள். வெளியிலிருந்து வந்த இன்னொருவர் திருத்தினார். பி பிளஸ் என்றே நின்றது.

இப்போது அவள் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் ஒப்பந்தங்களை வாசித்துச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறாள். போன மாதம் காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்ஸில் கண்டேன். எனக்கு இருக்கை தந்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவுக்கு இப்போது கண் ஆபரேஷன் முடிந்து சுகம் என்றாள். பிறகு குனிந்து, “அது ஏ மைனஸ், மிஸ். இன்னும் சொல்றன்,” என்றாள்.

இல்லை என்றேன். கொள்ளுப்பிட்டி வரை அதையே கதைத்துக்கொண்டு போனோம்.